கிருஷ்ணன்கோவிலில் ஏறுகிறவள்

முப்பத்தாறு வயதாகும் வரை தங்கபாய்க்கு ராஜபாளையத்தைத் தாண்டித் தனியாக எங்கும் போகவேண்டிய தேவை வந்ததில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள். சுற்றிக்கொண்டிருக்கும் கோன்களுக்கு முன்னால் எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே இருக்கவேண்டும். எங்கே நூல் அறுந்தாலும் இமைக்கிற நேரத்துக்குள் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். மிஷின் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் அந்தப் பிரிவுப் பெண்கள் வெளியே வந்த பிறகும் சத்தமாகவே பேசுவார்கள். தங்கபாய் வெளியே வந்தாலும் அதிகம் பேசமாட்டாள்.

புருஷன் பொன்னுராஜ் லாரி டிரைவர். பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இருபது நாளாகும். பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் தெருவில் எல்லோரும் விசேஷம் உண்டா என்று கேட்டார்கள். பிறகு சர்ச்சில் அவளுக்காக ஜெபம் பண்ணினார்கள். பிறகு எப்போதோ இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அவளிடம் யாரும் பிள்ளையைப் பற்றிக் கேட்டு ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

1986-இல் பொங்கல் கழிந்ததும் அவளுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கவேண்டும் என்று ஆசை வந்தது. கண் மங்கினால் மில்லில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அதற்குள் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று நினைத்தாள். புதிய மிஷின் வாங்க வசதியில்லை. உடன் வேலை பார்த்த ஞானபாக்கியம்தான் மதுரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற பழைய சாமான் சந்தையைப் பற்றிச் சொன்னாள். ஆணியிலிருந்து ஆட்டுக்கல் வரை அங்கே கிடைக்கும், தையல் மிஷின் மட்டுமே விற்கிற ஆளும் உண்டு என்றாள். எந்த பஸ், மதுரையில் எங்கே இறங்கவேண்டும், சிம்மக்கல்லுக்கு எந்த டவுன் பஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, தங்கபாய் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அவள் மதுரை பஸ்ஸில் ஏறினாள். படியில் நின்ற கண்டக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கர்ச்சீப் சுற்றியிருந்தார்.

"என்ன, இன்னைக்கு ராஜபாளையத்துல ஏறுதிய? பாப்பா வரலையா?"

அவருக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், அவர்களைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பெண்கள் பக்கம் மூன்றாவது ஸீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, தங்கபாயைக் கண்டதும் எதுவும் கேட்காமல் எழுந்து நகர்ந்து ஜன்னலை விட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொன்னதற்கும் கேட்கவில்லை. தினமும் நடக்கிற காரியம் மாதிரி, கையால் ஸீட்டைத் தட்டி உட்காரச் சொன்னாள். தங்கபாய் உட்கார்ந்தாள். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிஷம் நின்றது. அதைத் தாண்டியபோது இடது பக்கம் மலை முழுக்க வெளிச்சமாகியிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தார். மதுரை என்று அவள் சொல்வதற்குள் கிழித்து நீட்டிவிட்டார். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரைக்கான டிக்கெட். அவள் தயங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, பழக்கதோஷம் என்று சொல்லி வேறு கிழித்தார்.

கிருஷ்ணன்கோவிலில் நான்கு பேர் ஏறினார்கள். அவர்கள் ஏறிய பிறகும் விசில் கேட்கவில்லை. கண்டக்டர் கீழே நின்று, வத்திராயிருப்பிலிருந்து வருகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் திடுக்கிட்டது போல ஜன்னல் வழியாகத் தங்கபாயைப் பார்த்தார்.

"நீங்கதான் உள்ள இருக்கியள்ல" என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு விசில் ஊதினார்.

தன் ஜாடையில் எவளோ ஒருத்தி வாராவாரம் இந்த பஸ்ஸில் போகிறாள் என்று தங்கபாய்க்குப் புரிந்தது. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சந்தை வாசலில் டீ விற்ற பெண், அவள் கேட்காமலே ஒரு டீயைச் சீனி குறைத்துப் போட்டு நீட்டினாள். கூண்டுகளில் புறா, கிளி வைத்திருந்தவன், இன்றைக்குக் கோழி கொண்டுவரவில்லையா என்று கேட்டான். அதற்கடுத்து, சாக்கை விரித்து வளையல், ரிப்பன் எல்லாம் பரப்பியிருந்த இருளம்மாள் என்கிற வியாபாரி, தன் பையைத் துழாவி ஒரு பச்சை ரிப்பனை எடுத்தாள்.

"பாப்பா கேட்ட பச்சை வந்துருச்சும்மா. எங்க அவள?"

நான் அந்த ஆள் இல்லை, நான் இந்த ஊருக்கே இன்றைக்குத்தான் வருகிறேன் என்று தங்கபாய் சொன்னாள். இருளம்மாள் சிரித்தாள். வெகு நாளாகப் பழகினவள் விளையாட்டுக்குப் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது. தங்கபாய் வேகமாக நடந்து தையல் மிஷின்காரரிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் ஒருவர்தான் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தார். பேர் என்ன, ஊர் என்ன என்று விசாரித்தார். மிஷின் தலை இருக்கிறது, மிதிகட்டையும் ஸ்டாண்டும் வரவேண்டும், அடுத்தடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றார். அவரிடம் தன் பேரைச் சொன்னபோது அவளுக்கு மூச்சு சீரானது.

வீட்டுக்கு வந்து நாத்தனார் ஜெயபாயிடம் சொன்னாள். ஜெயபாய்க்கு அது பிடிக்கவில்லை. நம் ஜாடையில் ஒருத்தி இருந்தால் அவளைப் பார்க்காமல் இருப்பதுதான் நல்லது, மிஷினை அண்ணன் வந்து வாங்கட்டும், நீ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வா என்றாள். தங்கபாய் சரி என்றாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறினாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனாள். கிருஷ்ணன்கோவில் வந்ததும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் நின்றவர்களில் யாரும் அவள் ஜாடையில் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கண்டக்டருக்குச் சௌந்தரபாண்டியன் என்று பேர். அவர் இப்போது, நீங்கள் ராஜபாளையத்துக்கே குடிவந்துவிட்டீர்களா என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் இருந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இருளம்மாள் மறுபடியும் ரிப்பனை எடுத்தாள். வாடிப்போன முகத்தோடு, பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டாள். கேட்டது உண்மையான விசாரிப்பு. தங்கபாய் அவள் முகத்தைப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தன் காதாலேயே கேட்டாள்.

"பரீட்சைக்குப் படிக்கா."

ரிப்பனை வாங்கிக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அது அவள் உள்ளங்கையில் இருந்தது. வீட்டில் அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் மறுத்துப் பேசவே இல்லை. மிஷின்காரரிடம் ஸ்டாண்டு வந்ததா என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் இருளம்மாள் பக்கத்திலும் டீக்கடையிலும் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் பேசப் பேச அந்தப் பிள்ளை அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. வயது ஒன்பது. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து பாதி முளைத்திருக்கிறது. கிளிக்கூண்டைப் பார்த்தால் நகரமாட்டாள். கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தால் உடைத்து அம்மாவுக்குப் பாதி கொடுக்காமல் தின்னமாட்டாள். மில்லில் நூல் முடிந்துகொண்டு நடக்கும்போது தங்கபாய் இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொள்வாள். அந்த இரைச்சலுக்குள் யாருக்கும் தெரியாமல் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஆறாவது வாரம் சந்தையில் செங்கல் நிறத்தில் ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் குவியலிலிருந்து எடுத்தாள். எதற்காக அதை எடுத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. துவைத்து அடுத்த வாரம் உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். கிருஷ்ணன்கோவிலில் ஒரு பெரியவர் தேங்காய்ச் சாக்கோடு ஏறினார். சாக்கை டிரைவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்தவர் தங்கபாயைப் பார்த்தார். அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. உட்கார இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. பார்வையையும் எடுக்கவில்லை. அவர் உதடு அசைந்தது.

"வெள்ளத்தாயி."

கூப்பிடுவது போல இல்லை; தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. அடுத்த ஸ்டாப்பில் வண்டி நின்றதும் அவர் இறங்கிவிட்டார். சாக்கு, சாக்கு என்று கண்டக்டர் கத்தினார். அவர் திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே ரோட்டில் நடந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும் ஓட ஆரம்பித்தார். வத்திராயிருப்பு பக்கம் சங்கையா என்று ஒரு தேங்காய் வியாபாரி, வெயிலில் மண்டை குழம்பிவிட்டது போலிருக்கிறது என்று கண்டக்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தங்கபாய் மட்டும் தனக்குக் கிடைத்த அந்தப் பேரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணன்கோவிலில் ஒரு சிறுமி தனியாக ஏறினாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டை. கக்கத்தில் கால் கட்டிய ஒரு கோழி. கண்டக்டர் அவள் தலையைத் தடவி, உள்ளே போ, உங்கம்மா இருக்கிறார்கள் என்றார். அவள் ஓடிவரவில்லை. ஒவ்வொரு ஸீட்டாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து மூன்றாவது ஸீட்டின் முன்னால் நின்றாள். தங்கபாயின் முகத்தைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள் என்று தங்கபாய்க்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். தங்கபாயின் முழங்கைக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தாள்.

"நீ மதுரை பஸ்ஸுல வாரேன்னு சங்கையாத் தாத்தா சொன்னாக. அப்பா நம்பல" என்றாள். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்துவிட்டு, "இப்ப உன் கை சுடுதும்மா. அன்னைக்குக் குளுந்து கெடந்துச்சு" என்றாள்.

ஏழு வாரமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளுக்கெல்லாம் தங்கபாய்க்கு அப்போது பதில் தெரிந்தது. அந்தப் பெண் ஏன் வரவில்லை, கண்டக்டர் பார்த்த ரோட்டில் ஏன் யாருமே வரவில்லை என்று தெரிந்தது. செத்துப்போன ஒருத்தியின் ஸீட்டில், அவள் டீயைக் குடித்துக்கொண்டு, அவள் பிள்ளைக்குரியதை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம் என்று புரிந்தது. நான் உன் அம்மா இல்லை என்று சொல்லவேண்டியது அந்த நேரம்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளை அவள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டே சந்தைக்குள் நடந்தாள். பாப்பா வந்துவிட்டாள் என்று டீக்கடைக்காரி சொன்னாள், கிளிக்காரன் சொன்னான், இருளம்மாள் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோழியை விற்றார்கள். பிள்ளை கடலைமிட்டாயை உடைத்துப் பாதியை நீட்டினாள். தங்கபாய் அதை வாங்கித் தின்றாள். தன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை என்றும், அவ்வளவு பயந்த நாளும் வேறு இல்லை என்றும் அவள் பிற்காலத்தில் ஞானபாக்கியத்திடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளையின் பேர்கூட அவளுக்குத் தெரியாது. இருளம்மாள், சுந்தரம் என்று கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

சாயங்கால பஸ்ஸில் சுந்தரம் அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். கிருஷ்ணன்கோவில் வந்ததும் எழுந்து, வா போவோம் என்றாள். அந்தப் பிள்ளையைத் தனியாக இறக்கிவிட முடியாது. கூடவே இறங்கினாள். வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, விஷயத்தைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். வத்திராயிருப்பு போய் அங்கிருந்து கான்சாபுரத்துக்கு வேறு பஸ் மாறவேண்டும். வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். கான்சாபுரம் பஸ்ஸில் ஏறியபோது உள்ளே பேச்சு நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, தங்கள் ஊர் வருவதற்கு முன்பே இறங்கினார்கள்.

பொழுது மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இருவரும் கான்சாபுரத்தில் இறங்கித் தெருவுக்குள் நடந்தார்கள். மாடுகள் திரும்புகிற நேரம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். தங்கபாய் நடக்க நடக்க, தெருவில் இருந்தவர்கள் வீட்டுக்குள் போனார்கள். கதவைச் சாத்துகிற சத்தம் முதலில் ஒன்று கேட்டது. பிறகு இரண்டு பக்கமும் கேட்டது. சுந்தரம் எதையும் கவனிக்காமல் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டு முன்னால் கண்ணுச்சாமி நின்றுகொண்டிருந்தார். சுந்தரத்தின் அப்பா. பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்க்கிறவர். பிள்ளையைக் காணவில்லை என்று காலையிலிருந்து தேடி அலைந்த தூசி அவர் முகத்தில் இருந்தது. தங்கபாயைக் கண்டதும் அவர் பின்வாங்கவில்லை.

"பிள்ளைய விட்டுரு" என்றார்.

தங்கபாய் பிள்ளையின் கையை விட்டாள். சுந்தரம் அவள் முந்தியை விடவில்லை.

"ஐயா, நான் ராஜபாளையம். மில்லுல வேலை பாக்கேன். என் பேரு தங்கபாய். பாப்பா ஒத்தையா பஸ்ஸுல வந்துச்சு, அதான்..."

அவளுக்கே தன் குரல் பொய் சொல்கிற குரல் மாதிரிக் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு இடுக்கிலிருந்து ஒரு வயதான குரல், அப்படித்தான் வேறு வேறு பேர் சொல்லிக்கொண்டு வரும், பதில் பேசாதே கண்ணுச்சாமி என்றது. கண்ணுச்சாமி அதையும் கேட்டார், இதையும் கேட்டார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பயத்தைவிட வேறு ஒன்று அதிகமாக இருந்தது. தங்கபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மஞ்சக்காமாலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒன்னையப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும். தை பொறக்கட்டும், அறுப்பு முடியட்டும்னு இருந்துட்டேன். அதுக்கு என்னைய என்ன வேணும்னாலும் செய்யி. பிள்ளையக் கூப்பிட வராத."

"அப்பா, அம்மா கை சுடுதுப்பா" என்றாள் சுந்தரம்.

அவர் முன்னால் வந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரித்தார். அப்போது அவர் புறங்கை தங்கபாயின் இடுப்பில் பட்டது. பட்ட இடத்தைத் தீ சுட்டது போலக் கையை உதறிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளே பிள்ளை அழவில்லை. அதுதான் தங்கபாயால் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு கிழவி மட்டும் பக்கவாட்டிலிருந்து வந்து, வேப்பிலைக் கொத்தைத் தெருவின் குறுக்கே போட்டாள். தங்கபாய் நின்ற பக்கம் ஒரு தட்டில் சோறும், வெற்றிலையும், ஒரு நூல்சேலையும் வைத்து, முகத்தைப் பார்க்காமல் கையை ஆட்டி, எடுத்துக்கொண்டு போ தாயி என்றாள். தங்கபாய் எதையும் எடுக்காமல் நடந்தாள். ஊர் எல்லை தாண்டும்வரை பின்னால் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அங்கிருந்து கூமாபட்டி வரை நடந்து, பிறகு பஸ் மாறி மாறி எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள். ஜெயபாய் வந்து பார்த்துக்கொண்டாள். வேதப்புத்தகத்துக்குள் இருந்த ரிப்பனைப் பார்த்துவிட்டு அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கபாய் எங்கும் போகவில்லை. அதற்கடுத்த வாரம், எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு, மிஷினையும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், அதோடு அந்த வழியை மறந்துவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

அதற்குள் கான்சாபுரத்துச் செய்தி பஸ்ஸுக்கு வந்துவிட்டிருந்தது. படியில் நின்ற சௌந்தரபாண்டியன் அவளைப் பார்த்ததும் இறங்கி வண்டியின் மறுபக்கம் போய்விட்டார். மூன்றாவது ஸீட்டுக் கிழவி எழுந்து பின்னால் போனாள். தங்கபாய் வேறு ஸீட்டில்தான் உட்கார்ந்தாள். கூட்டம் ஏறியது. ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்களே தவிர, அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் ஸீட்டைத் தாண்டிப் போனார். மதுரை ஒன்று என்று அவள் கையை நீட்டிச் சொன்னாள். அவர் காதில் விழாதது போல அடுத்த ஆளிடம் கேட்டார். கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில் வண்டி நிற்கவேயில்லை.

மதுரை வரை அவளிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. தான் இருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். தன் கையைத் தானே தொட்டுப் பார்த்தாள். சந்தையில் டீக்கடைக்காரி அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். இருளம்மாள் சாக்கின் முனையை இழுத்து வளையல்களை மூடினாள்.

"என் பேரு தங்கபாய்" என்றாள் அவள். "உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். எனக்குப் பிள்ளை கிடையாது."

ரிப்பனைச் சாக்கின் மேல் வைத்தாள். இருளம்மாள் அதைத் தொடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது வெள்ளத்தாயிக்காக வந்ததா, பயத்தில் வந்ததா என்று தங்கபாய்க்குத் தெரியவில்லை.

மிஷின்காரர் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டார். என்ன தங்கபாயம்மா, போன வாரம் ஆளையே காணோம், ஸ்டாண்டு வந்து ஒரு வாரமாகிறது, வேறு ஆள் கேட்டும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று சலித்துக்கொண்டார். பேர் சொல்லி அவர் கோபித்துக்கொண்டதைக் கேட்டு அங்கேயே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அவள் அழுதாள். அவர் பதறிப்போய், விலையில் குறை இருந்தால் பேசிக்கொள்ளலாம் என்றார்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். மிஷினையும் ஸ்டாண்டையும் கூலிக்காரர் படி வழியாக ஏற்றிவிட்டுப் போனார். வழியை அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கனமான இரும்பைப் பார்க்காதது போல இருக்க கண்டக்டரால் முடியவில்லை. லக்கேஜ் போடாமல் போனால் செக்கிங்கில் அவர் மாட்டுவார். அவர் தூரத்திலேயே நின்றார். தங்கபாய் மில்லில் கொடுத்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் அவள் போட்டோவும், பேரும், 1972-இல் வேலைக்குச் சேர்ந்த தேதியும், மில் முத்திரையும் இருந்தன.

"படிச்சுப் பாருங்கய்யா. பொறவு டிக்கெட் குடுங்க."

அவர் அட்டையை வாங்கவில்லை. அவள் கையில் இருக்கும்போதே குனிந்து படித்தார். வெகு நேரம் படித்தார். போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஒரு டிக்கெட்டும் ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார். கொடுக்கும்போது வேண்டுமென்றே தன் விரல் அவள் விரலில் படும்படி கொடுத்தார் என்று தங்கபாய் நினைத்தாள். அவருக்கு நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. இரண்டு ஸ்டாப் கழித்து ஒரு பெண், பிள்ளையோடு ஏறி, அவள் பக்கத்தில் உட்காரலாமா என்று கண்டக்டரிடம் கேட்டாள். உட்காருங்கள் என்றார் அவர்.

அதற்குப் பிறகு தங்கபாய் மதுரைச் சந்தைக்குப் போனதில்லை. பொன்னுராஜிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, மிஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். தலையணை உறை, உள்பாவாடை, ரவிக்கை என்று தைத்தாள். மில் வேலையையும் விடவில்லை.

1994-இல் அவள் பிரிவுக்குப் புதிதாக எட்டுப் பெண்கள் வந்தார்கள். வத்திராயிருப்பு, தேவதானம் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி முதல் நாள் தங்கபாயைப் பார்த்ததும் கையில் இருந்த கோனைக் கீழே போட்டாள். சுந்தரம்தான். பதினேழு வயது. தங்கபாய்க்குத் தலைமுடி நரைத்திருந்தது. மற்றபடி அதே முகம். இரண்டு வாரம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர்த் தொட்டி பக்கம், சுந்தரம் அவளிடம் வந்தாள்.

அவள் கோபப்படுவாள், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நினைத்து, தங்கபாய் எட்டு வருடமாக அதற்கு ஒரு பதில் தேடி வைத்திருந்தாள். சுந்தரம் அதைக் கேட்கவில்லை.

"நீங்க வந்துட்டுப் போன மூணா நாளு எங்கம்மா வந்தாக" என்றாள். "கொல்லைப் பக்கம் கோழிக்கூட்டுகிட்ட நின்னாக. உன்னைய அன்னைக்குக் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேட்டாக."

தங்கபாய் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரம் சாதாரணமாகத்தான் நின்றாள். சம்பளத் தேதியைச் சொல்வது போன்ற முகம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள் தங்கபாய்.

"தெரியாதுன்னேன். நல்லாப் பாத்துக்கிட்டாகன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாக. பொறவு வரல."

சங்கு ஊதியது. உள்ளே போனார்கள்.

சுந்தரம் நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தாள். தங்கபாயை அக்கா என்று கூப்பிட்டாள். தன் ரவிக்கைகளை அவளிடம்தான் தைக்கக் கொடுப்பாள். அளவெடுக்க வருகிற நாளில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். கண்ணுச்சாமி மகளைப் பார்க்க மில் வாசலுக்கு வருகிற சனிக்கிழமைகளில், தங்கபாய் ஷிப்டு முடிந்தும் உள்ளேயே உட்கார்ந்திருந்து, அவர் போனது தெரிந்த பிறகு வெளியே வருவாள். தேவதானத்தில் மாப்பிள்ளை அமைந்து கல்யாணம் வைத்தபோது சுந்தரம் பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, கட்டாயம் வரவேண்டும் என்றாள். தங்கபாய் கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. கான்சாபுரத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருப்பார்கள்.